சாவி மேட்ச்ச எப்படி பாக்கணும்னா...

ஸ்பெயினுக்கு ஆடின ஃபுட்பால் மிட்ஃபீல்டர் சாவி எர்னாண்டஸ் பெரிய பிளேயர்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு யூடியூப்ல ஹைலைட்ஸ் போட்டு பாத்தீங்கன்னா ஏமாந்துதான் போவீங்க. நானும் அப்படித்தான் பாத்தேன், பாஸ் போடறாரு, திரும்ப வாங்கறாரு, மறுபடி பாஸ் போடறாரு, இதுக்கா இவ்ளோ பில்டப்புன்னு மூடி வச்சிட்டேன். பந்தையே பாத்துட்டு இருந்ததுதான் தப்பு. இவர் ஆடும்போது கழுத்த பாக்கணும்.

அதனால ஃபுல் மேட்ச்சா எடுங்க, அதுவும் போன்ல வேணாம், டிவில போடுங்க, போன்ல தலை திரும்பறது தெரியவே தெரியாது.

1998ல பார்சிலோனா கிளப்புக்கு ஆட வந்ததுல இருந்து வரிசையா பாக்கறேன்னு உக்காராதீங்க, பாதியிலயே விட்டுருவீங்க. 2008 யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கப்) ஃபைனல்ல ஆரம்பிங்க, வியன்னால ஸ்பெயினும் ஜெர்மனியும். மொத பத்து நிமிஷம் பந்து எங்க போனாலும் கண்ணு சாவி மேலயே இருக்கட்டும், தலைய திருப்பி பின்னாடி பாக்கறப்பல்லாம் பேப்பர்ல ஒரு கோடு போடுங்க. சீக்கிரமே பேப்பர் நெறஞ்சிரும். பந்து கால்ல வர்றதுக்குள்ள யார் எங்க நிக்கறாங்கன்னு பாத்து முடிச்சிருப்பாரு. அப்புறம் 33வது நிமிஷம் வரும், ஸ்பெயின் ஃபார்வர்ட் டோரஸ் ஓடற வழியில சாவி ஒரு த்ரூ பால், அதாவது டிஃபென்ஸுக்கு நடுவுல புகுந்து போற பாஸ், ஜெர்மனி டிஃபெண்டர் லாம் ஒரு நொடி தயங்க டோரஸ் அவர தாண்டிப்போய் கோல்கீப்பர் லேமன் மேல தூக்கி விட்டாரு, கோல், அந்த ஒரே கோல்ல கப்பு. (பேரு வேற சாவி, பூட்டின டிஃபென்ஸ தொறக்கறவருக்கு பொருத்தமாத்தான் வச்சிருக்காங்க.)

அடுத்து 2009 மே 2, பார்சிலோனா ரியல் மாட்ரிட்ட அவங்க கிரவுண்ட்லயே 6-2ன்னு அடிச்ச மேட்ச். பார்சிலோனா கோச் கார்டியோலா மெஸ்ஸிய நடுவுல எறக்கி விட்டாரு, அவர் கீழ எறங்கி வந்தா பின்னாடியே போறதா இடத்துலயே நிக்கறதான்னு மாட்ரிட் டிஃபெண்டர்கள் கன்னவாரோவும் மெட்செல்டரும் முழிக்கறாங்க, நடுவுல பார்சாவுக்கு எப்பவும் ஒரு ஆள் கூடுதல். சாவிக்கு இது போதாதா. இங்க தலை திரும்பறத எண்ண வேணாம், மெஸ்ஸி எறங்கினதும் சாவி எந்தப்பக்கம் நகர்றாருன்னு மட்டும் பாருங்க.

டைம் இருந்தா 2010 வேர்ல்ட் கப் செமிஃபைனல், டர்பன்ல இவர் போட்ட கார்னர்லதான் ஸ்பெயின் டிஃபெண்டர் புயோல் தலையால முட்டி ஜெர்மனிய வெளிய அனுப்பினாரு. 2012 யூரோ ஃபைனல் கொஞ்சம் ஒருபக்க மேட்ச், 4-0, ஆனா ஸ்பெயின் டிஃபெண்டர் ஜோர்டி ஆல்பா ஓடின ஓட்டத்துக்கு இவர் விட்ட பாஸுக்காகவே பாக்கலாம்.

நீங்களும் ஆடறவங்கன்னா சுவத்துல பந்தடிச்சு வாங்கி பழகுங்க. ஃப்ரெண்ட் ஒருத்தர பின்னாடி நிக்க வச்சு, பந்து சுவத்துல பட்டு திரும்பற நேரத்துல அவர் விரல் காட்டணும், நீங்க தோளுக்கு மேல பாத்து எத்தன விரல்னு சொல்லிட்டு அப்புறம்தான் பந்த நிறுத்தணும். சாவி 11 வயசுல பார்சிலோனாவோட பசங்க அகாடமியான லா மாசியா போனாரு, அங்க ரோண்டோன்னு ஒண்ணு, வட்டமா நின்னு பந்த சுத்தி விட நடுவுல ரெண்டு பேரு புடுங்க வருவாங்க, தினம் அதுதான். நமக்கு மொத நாள் பந்து மூக்குலதான் வந்து படும், கண்ணாடி போடறவங்க கழட்டி வச்சிட்டு ஆடுங்க.