உரத்தொட்டி நாறுகிறதா? தவறு எங்கே என்று பாருங்கள்

சமையலறைக் கழிவை உரமாக்க ஆசையாகத் தொடங்கும் பலர், கொஞ்ச நாளிலேயே விட்டுவிடுகிறார்கள். நாற்றமும் ஈயும்தான் காரணம். ஆனால் ஒழுங்காக மக்கும் தொட்டியில் மழை நனைத்த மண்ணின் வாசம்தான் வரும். நாறினால், பெரும்பாலும் ஈரக் கழிவை மட்டுமே கொட்டியிருப்பார்கள்.

காய்கறித் தோல், பழச்சக்கை, பச்சைப் புல் எல்லாவற்றிலும் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம். நுண்ணுயிர்களுக்கோ ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். அது சருகிலும் கிழித்த அட்டையிலும் மரத்தூளிலும் இருக்கிறது. ஒரு கிண்ணம் ஈரக் கழிவு போட்டால், மேலே இரண்டு கிண்ணம் சருகு போட்டு மூடுங்கள். ஈயும் குறைந்துவிடும்.

நாற்றத்தை வைத்தே தவறைக் கண்டுபிடிக்கலாம். மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி என்றால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்று இல்லை, கிளறிவிட வேண்டும். குப்பைமேட்டில் புதைந்த உணவுக் கழிவு மீத்தேனை வெளியிடுவதும் இதே காற்றில்லாத நிலையில்தான். அதைத் தவிர்ப்பது வீட்டு உரத்தின் பெரிய நன்மை. தொட்டியை இறுக மூடிக் கிளறாமல் வைத்தால் அந்த நன்மையே போய்விடும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள்.

கொழுத்த புழுக்களைக் கண்டதும் சிலர் பூச்சிமருந்து அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அவை பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. மருந்து அவற்றைக் கொல்வதோடு உரத்திலும் தங்கிவிடலாம்.

இறைச்சி, பால் பொருள், எண்ணெய் எலியை இழுக்கும். நாய், பூனையின் கழிவில் நோய்க்கிருமி இருக்கலாம் என்பதால் அதுவும் கூடாது. பல தேநீர்ப் பைகளில் பிளாஸ்டிக் இழை உண்டு. கிழித்துத் தூளை மட்டும் போடுங்கள். நோய் தாக்கிய செடியின் கிருமியும் களையின் விதையும் மக்கும்போது எழும் சூட்டில் செத்துவிடும் என்று நம்பிப் போட வேண்டாம். அதற்குக் குவியலுக்குள் 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு சில நாள் நிலைக்க வேண்டும். சுமார் ஒரு கன மீட்டர் குவியலில் அது நடக்கும். பால்கனி வாளியில் நடக்காது.

அப்புறம், அவசரம். பாதி மக்கியதைச் செடிக்குப் போட்டால், மக்கி முடிக்கத் தேவையான நைட்ரஜனை நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்ளும். இலை மஞ்சளாகும். ஒரு பிடி ஈர உரத்தைப் பையில் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து பாருங்கள். புளித்த வாடை அடித்தால் இன்னும் சில வாரம் விட்டுவிடுங்கள். நன்றாக மக்கியிருந்தாலும் செடித்தொட்டிக்கான மண்கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்க்க வேண்டாம். வெறும் உரத்தில் உப்பு மிகுந்து இளவேர் கருகக்கூடும்.