கூண்டு வாசலில் வட்டமிடும் பம்பிள் தேனீக்கள்

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு: மே, ஜூனில் தோட்டத்தில் பறவைகள் கூடு கட்ட மாட்டிவைக்கும் மரக் கூண்டின் வாசலில் பம்பிள் தேனீக்கள் (உருண்டையான, மயிரடர்ந்த தேனீக்கள்) கும்பலாக வட்டமடித்தால், பயந்துபோய் மருந்தடிக்க ஆள் கூப்பிடாதீர்கள். செம்பழுப்பு முதுகு, கறுத்த வயிறு, வெள்ளை வால்நுனி என்றால் அது மரத்து பம்பிள் தேனீ. 2001-இல்தான் இந்த நாட்டில் முதலில் தென்பட்டது. வாசலில் சுற்றுபவை பெரும்பாலும் ஆண்கள், கொடுக்கே கிடையாது. கூண்டுக்குள் உள்ள தேனீக் கூட்டிலிருந்து இளம் ராணி வெளியே வந்ததும் இணைசேரக் காத்திருக்கின்றன, அவ்வளவுதான். சில வாரங்களில் தானாக ஓய்ந்துவிடும். கூண்டை மட்டும் ஆட்டாதீர்கள், உள்ளே இருக்கும் வேலைக்காரத் தேனீக்கள் கொட்டும்.

பிறகு எல்லாம் மடிந்து, கருவுற்ற ராணி மட்டுமே குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும். வசந்தத்தில் அது புல்லில் சோர்ந்து கிடந்தால், மெல்ல ஒரு பூவின் மேல் எடுத்து வையுங்கள். பூ இல்லையா? சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்து ஒரு துளி. தேன் வேண்டாம், நோய் தொற்றலாம்.