அமெரிக்கக் கல்லூரித் தடகள அணியில் சேரப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி அணியில் நன்றாக ஓடுகிற பிள்ளையைக் கல்லூரி கோச் யாராவது மைதானத்துக்கே வந்து பார்த்து அழைத்துக்கொள்வார் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. தடகளத்தில் அப்படித் தேடி வருவது மாநில அளவில் முதல் சில இடங்களைப் பிடிப்பவர்களைத்தான். மற்றவர்கள் தாங்களே எழுதிக் கேட்க வேண்டும்.

எழுதுவதிலும் கோளாறு நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு 800 மீட்டர் பையனுக்காக அவன் அப்பா பல கோச்சுகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். சின்ன வயதிலிருந்தே ஆர்வம், ஒழுக்கமான பையன், கடுமையாக உழைப்பான் என்று மூன்று பத்தி, ஆனால் அவன் எத்தனை நிமிடத்தில் ஓடுகிறான் என்பது எங்கேயும் இல்லை. ஒரு பதிலும் வரவில்லை. அப்புறம் பையனே உட்கார்ந்து ஐந்து வரி எழுதினான்: பள்ளி முடிக்கும் ஆண்டு, 1:56.40, எந்தப் போட்டியில் எப்போது ஓடியது, ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி), வீடியோ இணைப்பு. இரண்டு கோச்சுகள் அந்த வாரமே பதில் போட்டார்கள். அணியில் ஓடப் போவது பிள்ளைதான், அதனால் பிள்ளையே பேசட்டும், ஓடிய நேரம் என்ற எண் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ, கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது. அதில் மேல்நிலையான டிவிஷன் 1-இன் கோச், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன்னால் அணியில் சேர்ப்பது பற்றி மாணவருக்கு எழுதவோ பேசவோ என்சிஏஏ விதி இடம் கொடுப்பதில்லை. மாணவர் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். அந்தத் தேதி தாண்டியதும் புது நேரத்தோடு இன்னொரு தடவை எழுதுங்கள்.

ஆனால் யாருக்கு எழுதுவது என்பதில்தான் நான் அதிகம் அடித்துச் சொல்வேன். பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களாகப் பார்த்து எழுதாதீர்கள். கல்லூரித் தடகள முடிவுகளைத் தொகுக்கும் டிஎஃப்ஆர்ஆர்எஸ் (TFRRS) தளத்தில், நீங்கள் எழுத நினைக்கும் கல்லூரி போட்டியிடும் கான்ஃபரன்ஸின் (ஒன்றோடொன்று மோதும் கல்லூரிகளின் குழு) சாம்பியன்ஷிப் முடிவுகள் கிடைக்கும், அதைத் திறந்து உங்கள் பிரிவில் எட்டாவதாக வந்தவரின் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் முதல் எட்டு பேருக்குத்தான் புள்ளி, 10, 8, 6 என்று இறங்கி எட்டாவது ஆளுக்கு 1. இந்தப் பிள்ளை நமக்குப் புள்ளி எடுத்துக் கொடுப்பானா என்பதுதான் கோச்சின் கணக்கு. உங்கள் நேரம் அதற்குப் பக்கத்தில் இருந்தால் எழுதுங்கள், எட்டாத தூரத்தில் இருந்தால் வேறு கல்லூரி பாருங்கள்.

அனுப்புகிற எண்ணும் சுத்தமாக இருக்க வேண்டும். ஸ்டாப்வாட்சில் எடுத்த 100 மீட்டர் நேரத்தோடு மின்னணு நேரத்துக்கு ஈடாக்க கோச் தானே 0.24 விநாடி கூட்டிக்கொள்வார், காற்று விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் பின்னாலிருந்து அடித்திருந்தால் அந்த நேரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். இந்தியாவிலிருந்து முயல்கிறவர்களுக்கும் முறையான போட்டியில் பதிவான எண்தான் பேசும். தமிழ்க் குடும்பத்துப் பையன் தேஜஸ்வின் சங்கர் 2016-இல் கோயம்புத்தூரில் நடந்த தேசிய ஜூனியர் போட்டியில் 2.26 மீட்டர் உயரம் தாண்டி தேசிய சாதனை படைத்தார், அடுத்த ஆண்டே கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் போனார், 2018-லும் 2022-லும் என்சிஏஏ பட்டம் வென்றார்.

பையன்களுக்குப் பள்ளி எண் அப்படியே கல்லூரிக்குச் செல்லாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தடை 39 அங்குலத்திலிருந்து 42 ஆகிறது. பார்க்க மூன்று அங்குலம்தான், ஆனால் தடைகளுக்கு நடுவே மூன்று காலடி வைத்து ஓடிய தாளம் குலைந்து, பின்னால் வரும் காலின் முட்டி தடையில் இடிக்க ஆரம்பிக்கும். குண்டு 12 பவுண்டிலிருந்து 16 ஆகும், வட்டு 1.6 கிலோவிலிருந்து 2 கிலோ ஆகும். கல்லூரி அளவில் பயிற்சி செய்த வீடியோ ஒன்று அனுப்பினால் கோச் நிச்சயம் கவனிப்பார்.

பணம் பற்றி: டிவிஷன் 3-இலும், ஹார்வர்டு, யேல் போன்ற எட்டு பல்கலைக்கழகங்கள் அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. மற்ற இடங்களிலும் முழுத் தொகை அரிது, பிரித்துத்தான் கொடுப்பார்கள். மதிப்பெண்ணுக்குக் கிடைக்கிற உதவித்தொகை பல சமயம் இதைவிடப் பெரிதாக இருக்கும், அதை விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் நம்பாதீர்கள்.

ஸ்காலர்ஷிப் இல்லாமல், தானே முன்வந்து அணியில் இடம் கேட்கும் வாக்-ஆனாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று அசட்டையாக இருப்பது இப்போது முன்பைவிட ஆபத்து. என்சிஏஏ மீதான வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்துகொண்ட டிவிஷன் 1 கல்லூரிகளில் தடகள அணிக்கு ஆண்களில் 45, பெண்களில் 45 என்று உச்சவரம்பு வந்துவிட்டது. அதனால் வகுப்பு தொடங்கிய பிறகு மைதானத்தில் போய் நிற்காதீர்கள். பல அணிகள் வாக்-ஆனுக்கு வேண்டிய குறைந்தபட்ச நேரத்தைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டிருக்கும், அதைப் பார்த்துவிட்டு கோடையிலேயே கோச்சுக்கு எழுதுங்கள். டிவிஷன் 1-இல் ஆட வாக்-ஆனும் என்சிஏஏ தகுதி மையத்தில் பதிந்திருக்க வேண்டும், பள்ளியில் 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் குறைந்தது 2.3 ஜிபிஏவும் வேண்டும். மருத்துவப் பரிசோதனைப் படிவமும் சிக்கிள் செல் (பரம்பரையாக வரும் ஒரு ரத்தக் குறைபாடு) ரத்தப் பரிசோதனை முடிவும் கையில் இல்லாவிட்டால் அணித் தேர்வு நாளன்று ஸ்பைக்ஸ் மாட்டவே விட மாட்டார்கள். முடிவு வர நாளாகலாம், ஜூலையிலேயே டாக்டரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.