குளிர்ப்பெட்டியில் சுருட்டு: செட்டிநாட்டு வெயிலில் தவிர்க்க வேண்டிய ஈரப்பதத் தவறுகள்

சுருட்டுகளைச் சேமிக்கப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பமும், 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் ஆகும். சித்திரை வெயில் 40 டிகிரியை நெருங்கும் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில், ஒயின் வைக்கும் குளிர்ப்பெட்டியையோ ஐஸ் பெட்டியையோ சுருட்டுப் பெட்டியாக மாற்றிக்கொள்பவர்கள் பலர் இவ்விரண்டில் ஈரப்பதத்தை மட்டுமே கவனிக்கிறார்கள். வெப்பத்தை அடக்காமல் ஈரப்பதத்தை மட்டும் சரிசெய்ய முயல்வதே முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஈரப்பத மீட்டர் காட்டும் விழுக்காடு, அந்தந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதையே குறிக்கிறது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 18 டிகிரியில் 15 கிராம்தான் தாங்கும். ஆகவே 30 டிகிரியில் 65 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் அறைக்காற்று குளிர்ந்த பெட்டிக்குள் புகுந்தால், மிஞ்சிய நீர் பின்சுவரில் துளித்துளியாக வியர்த்து, அடித்தட்டில் வழிந்து, அங்குள்ள சுருட்டுகளின் மேலிலையை ஊற வைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சுருட்டைத் தேர்ந்தெடுப்பது இதனாலேயே கெடுதல். குளிரூட்டி ஓடும்போது எண் இறங்குவதும், நின்றதும் ஏறுவதும் இயல்பு. இறங்கிய எண்ணைக் கண்டு பதறி, ஈரம் தருவதற்காகப் பெட்டிக்குள் வைக்கும் பஞ்சில் நீர் ஊற்றினால் ஓரிரு வாரங்களில் பூசணம் பிடிக்கும்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பெல்டியர் வகைப் பெட்டி (கம்ப்ரசர் இல்லாமல் மின்னோட்டத்தாலேயே குளிர்விப்பது), தான் இருக்கும் அறையை விட ஏறத்தாழ 10 முதல் 15 டிகிரி வரைதான் குளிர்விக்கும் என்பதால், கோடையில் 36 டிகிரி அறையில் அதனால் 18 டிகிரியை எட்ட முடியாது. கம்ப்ரசர் பெட்டி எட்டும். ஆனால் அதன் குளிர்ச்சுருள் காற்றிலுள்ள நீரை இழுத்து, ஈரத்தை விரைவில் வற்றச் செய்யும். என் கருத்தில், கம்ப்ரசர் பெட்டியை 18 அல்லது 19 டிகிரியில் வைத்து, அதற்குள் காற்றுப்புகாத டப்பாக்களில் சுருட்டுகளை அடுக்கி, ஒவ்வொரு டப்பாவிலும் இருவழி ஈரப்பதப் பொட்டலம் போடுவதே நம் ஊருக்கு நம்பகமான வழி. வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) ஓரத்தில் வெயிலும் சாரலும் படும் இடத்தை விட, தடித்த சுண்ணாம்புச் சுவர் கொண்ட உள்ளறை பெட்டிக்கு ஏற்றது.

இருவழிப் பொட்டலம் ஈரம் குறைந்தால் கொடுக்கும், மிகுந்தால் உறிஞ்சும். 60 கிராம் பொட்டலம் ஒன்று 25 சுருட்டுகளுக்கு என்பது வழக்கமான கணக்கு. பொட்டலம் கையில் குழைவாக இல்லாமல் கெட்டியாக நெருடினால் அதன் வேலை முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். பஞ்சையே பயன்படுத்துபவர்கள் ஆழ்குழாய் நீரை ஊற்றவே கூடாது; அதிலுள்ள உப்புகள் பஞ்சின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படிந்து துளைகளை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீர் மட்டுமே வேண்டும்.

மீட்டரைச் சோதிக்காமல் நம்புவதும் பரவலான தவறு. ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்துவிடாமல் ஈர மணல் போல ஆகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப்புகாத பையில் ஒரு நாள் வைத்தால், அது 75 விழுக்காடு காட்ட வேண்டும். 71 காட்டினால், இனி வரும் அளவுகளோடு 4 கூட்டிக்கொள்ளலாம்.

மிளகாய், மல்லி, மஞ்சள் வைக்கும் சாமான் அறையில் பெட்டியை வைப்பவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: சுருட்டைத் துளைக்கும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளப் பழுப்பு வண்டுதான் அந்தச் சாமான்களையும் அரிக்கிறது. 25 டிகிரிக்கு மேல் அதன் முட்டைகள் பொரிந்து பெருகும். 18 டிகிரியில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். குளிரூட்டாத ஐஸ் பெட்டியில் ஈரப்பதம் எவ்வளவு சரியாக இருந்தாலும் நம் கோடையில் இந்த ஆபத்து நீங்காது. ஐயமுள்ள சுருட்டுகளை இரட்டைப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து, பிறகு ஒரு நாள் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலும் அதன்பின் அறையிலுமாகப் படிப்படியாக வெளியே எடுத்தால் மேலிலை வெடிக்காது.

பெட்டிக்குள் ஸ்பானிஷ் செடார் பலகை வைப்பது நல்லது. கற்பூரமோ பூச்சி உருண்டையோ இருந்த பழைய மரப்பெட்டியின் பலகையை அறுத்துப் போட்டால் அந்த வாசனை சுருட்டில் ஏறிவிடும்; பிறகு போகாது. புதுப் பெட்டியின் பிளாஸ்டிக் நெடி போகும் வரை திறந்து காயவிடுவதும், ஐஸ் பெட்டியாயின் நீர் வடியும் துளையை இறுக அடைப்பதும் அவசியம்.

கடைசியாக ஒன்று. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகள் இங்கு ஏராளம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ புறப்படுபவர்கள் சுருட்டுகளைப் பெட்டியிலேயே விட்டுச் செல்லக் கூடாது. மின்சாரம் நின்ற பெட்டி விரைவிலேயே அறையின் வெப்பத்துக்கு வந்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் 65 விழுக்காட்டுப் பொட்டலத்தோடு சுருட்டுகளை உடன் எடுத்துச் சென்று, காலிப் பெட்டியை உலர்ந்த துணியால் துடைத்து, கதவைச் சற்றே திறந்த நிலையில் விட்டுச் செல்வதே சரி.