தெருவுக்கு ஒரு பாட்டுக் குழு: வேலூர்ப் பக்கம் எப்படித் தொடங்கலாம்

வேலூரைச் சுற்றியுள்ள வடாற்காட்டில் பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. மார்கழி விடியலில் பஜனை, திரௌபதி அம்மன் கோயிலில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, அம்மன் திருவிழாவுக்குப் பம்பை உடுக்கை, சாவுக்குப் பறை என்று வருஷம் முழுக்க ஏதாவது காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். குறைந்து போனது பாடுகிற வாய்கள்தான். ஸ்பீக்கர் பாடுகிறது, நாம் கேட்கிறோம். ஒரே தெருவில் இருந்தும் பேர் தெரியாமல் வாழ்கிறவர்களைச் சேர்த்து உட்கார வைக்க, வாரம் ஒரு மணி நேரம் கூடிப் பாடுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

முதலில், நல்ல குரல் உள்ளவர்களைத் தேடாதீர்கள். பாட்டு வைத்திருப்பவர்களைத் தேடுங்கள். பெரும்பாலும் அவர்கள் வயதான பெண்கள். "பாட்டு தெரியுமா" என்று கேட்டால் "எனக்கு என்னாப்பா தெரியும்" என்று எழுந்து போய்விடுவார்கள். "நடவுக்குப் போனப்போ என்னா ஆயா பாடுவீங்க, முதல் அடியை யார் எடுப்பாங்க" என்று கேளுங்கள், பாட்டு தானாக வரும். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி என்று வருவதைக் கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்யுங்கள். அனுமதி கேட்ட பிறகுதான் செய்ய வேண்டும். ஒப்பாரியை மட்டும் வீட்டுக்குள் பாடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், நல்ல நாளில் அதைப் பாடப் பலருக்கு மனசு வராது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் பக்கத்துக்குச் சரியாக இருக்கும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல், ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு அன்றைக்குத்தான் கை ஓய்வு, சொசைட்டிக்குப் பால் ஊற்றும் வேலையும் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அக்காக்கள் முறத்தோடு வந்தாலும் வரட்டும், கை வேலை பார்க்கும்போது வாய் இன்னும் நன்றாகப் பாடும். ஒரு மணி நேரம் போதும். இன்னும் ஒரு பாட்டு என்று கேட்கும்போதே எழுந்துவிட்டால் அடுத்த வாரம் கண்டிப்பாக வருவார்கள்.

இடம் விஷயத்தில்தான் பல குழுக்கள் உடைகின்றன. கோயிலுக்குள் வைத்தால் சிலர் வரமாட்டார்கள், சிலரை வரவிடவே மாட்டார்கள். ஊர்ப்பக்கமே வைத்துக்கொண்டிருந்தால் காலனிக்காரர்கள் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால் பள்ளிக்கூட வராந்தா, பஞ்சாயத்துக் கட்டடத் திண்ணை மாதிரி பொது இடமாகப் பாருங்கள், இல்லையென்றால் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் காலனியில் என்று மாற்றி வையுங்கள். பறை அடிக்கிறவரைச் சாவுக்கு மட்டும் கூப்பிடுகிற பழக்கத்தை இங்கே உடைத்தே ஆக வேண்டும். அவர் இந்தக் குழுவுக்கு வாத்தியார். வைக்கோல் கொளுத்திப் பறைத் தோலைக் காய்ச்சுவதிலிருந்து அடி பிரிப்பது வரை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அவரிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும், அவருடைய நேரத்துக்குக் காசும் கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்காகக் குழுவை வளைக்காதீர்கள், ஆள் குறைந்தாலும் பரவாயில்லை.

பாடும் முறைக்குக் கூத்தைப் பாருங்கள். முன்பாட்டு ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் பின்பாட்டு வாங்குவார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டாம், படிக்கத் தெரியாதவர்கள் அந்த நிமிஷமே ஒதுங்கிவிடுவார்கள். ஒவ்வொரு அடியாகச் சொல்லி வாங்குங்கள், முதல் மாதத்துக்கு மூன்று பாட்டு தாராளம். மழைக்காலத்தில் கூத்து குறையும், அப்போது பக்கத்தில் ஒரு கூத்து வாத்தியார் இருந்தால் கூப்பிட்டுப் பாருங்கள்.

சுருதி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொண்டை வலித்தவர் திரும்பி வரமாட்டார். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற எண்ணால் சொல்வார்கள். ஆண்களுக்குப் பொதுவாக 1, 2 கட்டை வசதி, பெண்களுக்கு 5 கட்டைப் பக்கம். எல்லோரையும் ஒரே கட்டையில் இழுத்தால் ஒரு பக்கம் கத்தும், இன்னொரு பக்கம் முனகும். ஒரு பாட்டைப் பெண் எடுக்கட்டும், அவர் வாயில் வருகிற சுருதியைப் பிடித்து ஆர்மோனியத்தை அங்கே வையுங்கள், ஆண்கள் கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொள்வார்கள். அடுத்த பாட்டு ஆண் சுருதியில். ஆர்மோனியம் இல்லையா, போனில் தம்பூரா ஆப் போதும்.

கூடிப் பாடினால் வேகம் ஏறிக்கொண்டே போகும், எல்லாக் குழுவிலும் இது உண்டு. அதற்கு ஒரே ஒரு ஜோடி ஜால்ரா வைத்து, நிதானமான ஆள் கையில் கொடுங்கள். கஞ்சிரா வாங்கினால் உடும்புத் தோல் போட்டதை விட்டு ஆட்டுத்தோலில் பாருங்கள், உடும்பு பாதுகாக்கப்பட்ட பிராணி, அதன் தோல் சட்ட விரோதம்.

பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்றால் உருது பேசுகிற வீடுகள், காட்பாடிப் பக்கம் தெலுங்கு வீடுகள் இருக்கும். அவர்கள் மொழியில் ஆளுக்கொரு பாட்டு வாங்கி எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். உச்சரிப்பு தப்பினால் அவர்களே சிரித்துத் திருத்துவார்கள். நெருக்கம் அங்கேதான் வரும்.

பாட்டுக்கு ஒரு நாளும் இடமும் ஒட்டிக்கொண்டால் அது நிலைக்கும். ஜனவரி 1 அன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் தணிகைத் துரையான முருகனைப் பார்க்கட்டும் என்றுதான், திருப்புகழைப் பரப்பிய வள்ளிமலை சுவாமிகள் திருத்தணியில் படிவிழாவைத் தொடங்கினார் என்பார்கள். படிக்குப் படி திருப்புகழ் பாடிக்கொண்டு ஏறுவது இன்றும் டிசம்பர் 31 அன்று நடக்கிறது. உங்கள் குழுவும் ஏரி நிரம்பும் நாள், நடவு தொடங்கும் நாள், பள்ளிக்கூடம் திறக்கும் நாள் என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும்.

மைக் வேண்டாம். முப்பது பேர் வரை தேவையே இல்லை, வைத்தால் போலீஸ் அனுமதி வாங்க வேண்டும், ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வைக்கவும் கூடாது. அதைவிட, மைக் வந்த அன்றைக்கு ஒருவர் பாடகராகவும் மற்றவர்கள் கூட்டமாகவும் ஆகிவிடுவார்கள். வசூலும் பேனரும் அப்படித்தான், பிரிவினையைக் கொண்டுவரும். ஜால்ராவுக்கும் டீக்கும் ஆன செலவை ஒரு நோட்டில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தால் போதும்.

கொஞ்ச நாளில் திருவிழாக் கமிட்டியிலிருந்து மேடை ஏறச் சொல்லிக் கேட்பார்கள். போங்கள், ஆனால் மேடைக்குக் கீழே ஜமக்காளம் விரித்து வட்டமாக உட்காருங்கள், வட்டத்தில் நாலு பேருக்கு இடம் விட்டு, முன்பாட்டை எடுத்துவிட்டுப் பின்பாட்டுக்கு அக்கம்பக்கத்தில் நிற்பவர்களைக் கை காட்டுங்கள்.