ஃப்ளைட் டிக்கெட்டை கேன்சல் பண்றீங்களா, ஒரு நிமிஷம் இதைப் பாத்துட்டு பண்ணுங்க

கேன்சல் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி மெயில்ல வந்த டிக்கெட்டை திறந்து கீழ ஃபேர் பிரேக்கப்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதைப் பாக்காம எதையும் அமுக்காதீங்க. பேஸ் ஃபேர், ஃப்யூயல் சார்ஜ்னு போட்டது ஏர்லைன்ஸோட காசு. யூடிஎஃப் (ஏர்போர்ட்டை பயன்படுத்தறதுக்கான கட்டணம்), பாசஞ்சர் சர்வீஸ் ஃபீ, ஜிஎஸ்டின்னு போட்டதெல்லாம் ஏர்போர்ட்டுக்கும் அரசுக்கும் போறது. விமானக் கம்பெனிகளை கண்காணிக்கற அரசு அமைப்பான டிஜிசிஏவோட ரூல் என்னன்னா, கேன்சல் சார்ஜ் பேஸ் ஃபேரும் ஃப்யூயல் சார்ஜும் சேர்ந்த தொகையை தாண்டவே கூடாது, அந்த வரி, ஏர்போர்ட் கட்டணமெல்லாம் உங்களுக்கு திரும்பி வந்தாகணும். நான் ரீஃபண்டபிள்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாலும் வரணும், நீங்க ஃப்ளைட்டுக்கே போகலைன்னாலும் வரணும்.

உதாரணத்துக்கு பெங்களூர்ல இருந்து டெல்லிக்கு ஒரு டிக்கெட் 5,200 ரூபான்னு வெச்சுக்கோங்க, அதுல பேஸ் ஃபேர் 4,000, வரி ஏர்போர்ட் கட்டணம் 900, வெப்சைட்காரன் போட்ட கன்வீனியன்ஸ் ஃபீ 300. ஏர்லைன்ஸ் சார்ட்ல கேன்சல் சார்ஜ் 4,500னு போட்டிருந்தாலும் 4,000க்கு மேல கை வைக்க முடியாது, 900 உங்களுக்கு வரணும். அந்த 300 போனது போனதுதான். 900 தானேன்னு நிறைய பேர் விட்டுடறாங்க, நாலு பேர் குடும்பமா போட்டிருந்தா அது 3,600ங்க.

டிக்கெட் போட்ட உடனே தேதி தப்புன்னு தெரிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள கேன்சல் அடிச்சிடுங்க, உள்நாட்டு ஃப்ளைட் கிளம்ப 7 நாளாவது இருந்தா சார்ஜ் இல்லாம பண்ணிக்கலாம். அதுக்கப்புறம் நாள் நெருங்க நெருங்க சார்ஜ் ஏறும். தேதி மாத்திக்கலாமேன்னு தோணும், ஆனா மாத்துற சார்ஜோட அன்னைக்கு விலை வித்தியாசத்தையும் சேர்த்து கேப்பாங்க, சில சமயம் பழசை விட்டுட்டு புதுசு போடறதே லாபமா இருக்கும், ரெண்டையும் கூட்டிப் பாருங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு பெரிய எமன் நோ ஷோ, அதாவது கேன்சலும் பண்ணாம நேரத்துக்கு போயும் சேராம ஃப்ளைட்டை விடறது. கிருஷ்ணகிரில இருந்து காலைல கிளம்பி அத்திப்பள்ளி டோல் வரைக்கும் ஜம்முனு போயிடுவீங்க, அப்புறம் சில்க் போர்டு, அதைத் தாண்டினா ஹெப்பால், ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளி ஊருக்கு அந்தக் கோடில இருக்கு. உள்நாட்டு ஃப்ளைட்டுக்கே நிறைய ஏர்லைன்ஸ் ஒரு மணி நேரம் முன்னாடி பேக் வாங்கற கவுண்டரை மூடிருவாங்க. தருமபுரி பக்கம்னா தொப்பூர் கணவாய்ல லாரி கவுந்தா சேலம் காமலாபுரம் ஏர்போர்ட்டுக்கு போறவங்க கதையும் இதேதான். இன்னைக்கு பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சா கார்ல உக்காந்துட்டே ஆப்ல கேன்சல் பண்ண விடுதான்னு பாருங்க, ஃப்ளைட் கிளம்ப கொஞ்ச நேரம் இருக்கும்போதே அதை மூடிருவாங்க. போக வர ஒரே பிஎன்ஆர்ல போட்டிருந்தா போறதை விட்டீங்கன்னா வர்றதும் சேர்ந்து கேன்சல் ஆகறது உண்டு, உடனே கஸ்டமர் கேருக்கு போன் போடுங்க.

ஏர்லைன்ஸே ஃப்ளைட்டை கேன்சல் பண்ணா கதையே வேற. அப்ப நீங்க அவசரப்பட்டு ஆப்ல கேன்சல் அமுக்கக்கூடாது, அமுக்கினா நீங்களா வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆகி சார்ஜ் பிடிச்சிருவாங்க. அவங்க அனுப்பின மெசேஜ்ல இருக்கிற லிங்க்ல போய் முழு ரீஃபண்டா வேற ஃப்ளைட்டான்னு கேளுங்க. 6 மணி நேரத்துக்கு மேல லேட்னு சொன்னாலும் அதே உரிமை உண்டு. முன்கூட்டியே சொல்லாம கேன்சல் பண்ணா பறக்கற நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 வரைக்கும் நஷ்ட ஈடு, இல்ல ஒரு வழி பேஸ் ஃபேரும் ஃப்யூயல் சார்ஜும், எது கம்மியோ அது. புயல் மழைன்னா இந்த நஷ்ட ஈடு கிடையாது. காசை கிரெடிட் ஷெல்ல, அதாவது அடுத்த டிக்கெட்டுக்கு கழிச்சுக்கலாம்னு அவங்க கிட்டயே வெச்சுக்கறோம்னு சொன்னா வேண்டாம் பேங்க்குக்கு அனுப்புங்கன்னு சொல்லலாம், அதை முடிவு பண்றது நீங்கதான் அவங்க இல்ல.

ஏஜென்ட் கிட்ட போட்டிருந்தா ரீஃபண்ட் அவர் கணக்குக்குத்தான் போகும். "இன்னும் வரலீங்க"ன்னு மாசக்கணக்குல சொல்லுவாங்க. பிஎன்ஆரை வாங்கி ஏர்லைன்ஸ்லயே நேரா கேளுங்க, எவ்வளவு எந்த தேதில அனுப்பினாங்கன்னு சொல்லிருவாங்க. டிக்கெட் போடும்போதே உங்க நம்பர், உங்க மெயில் குடுத்திருக்கணும், ஏஜென்ட் நம்பர் இருந்தா ஃப்ளைட் கேன்சல் ஆன மெசேஜ் கூட உங்களுக்கு வராது.

இன்சூரன்ஸுக்கு வருவோம். பேமென்ட் பேஜ்ல டிக் அடிக்கச் சொல்லி காட்டுவான் இல்லையா, அதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டையும் ஒண்ணுன்னு நினைக்கறதுலதான் காசு போகுது. ஃப்ரீ கேன்சலேஷன், ஜீரோ கேன்சலேஷன்னு விக்கறது வெப்சைட்டோட ஸ்கீம், பெரும்பாலும் என்ன காரணம்னு கேக்க மாட்டாங்க, ஆனா ஃப்ளைட்டுக்கு இத்தனை மணி நேரம் முன்னாடி பண்ணனும், இவ்வளவு ரூபா வரைக்கும்தான்னு லிமிட் இருக்கும். டிராவல் இன்சூரன்ஸ் அப்படி இல்ல, அதுல எழுதி வெச்ச காரணத்துக்கு மட்டும்தான் காசு. உங்களுக்கோ நெருங்கின சொந்தத்துக்கோ சீரியஸா உடம்பு முடியாம போறது, சாவு, வெள்ளம் மாதிரி. லீவு கிடைக்கல, கல்யாண தேதி மாறிப்போச்சு, மனசு மாறிப்போச்சுன்னா பைசா வராது. விசா ரிஜெக்ட் ஆனாலும் பல பாலிசில வராது. ஹோசூர் ரோடு டிராஃபிக்ல மாட்டி ஃப்ளைட்டை விட்டாலும் அதே நிலைமைதான், மிஸ்டு கனெக்‌ஷன்னு போட்டிருக்கறது முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவதை விட்டா மட்டும்.

பாலக்கோட்டுல எங்க சித்தப்பாவுக்கு டெங்கு, கிளினிக்ல டிரிப்ஸ் ஏத்திட்டு சாயந்திரம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு கிளெய்ம் போட்டா 24 மணி நேரம் அட்மிட் ஆகலைன்னு தள்ளிட்டாங்க. பாலிசில அப்படித்தான் எழுதியிருந்துச்சு. ஏற்கனவே இருக்கிற சுகர், பிபி, ஹார்ட் பிரச்சனைய மறைச்சு எடுத்தாலும் இதே கதிதான், அதனால வயசானவங்களுக்கு எடுக்கறப்ப அந்த பக்கத்தை மட்டுமாவது படிச்சிருங்க. இன்னொண்ணு, இன்சூரன்ஸ் தர்றது ஏர்லைன்ஸ் பிடிச்ச தொகையை மட்டும்தான், அதுலயும் டிடக்டிபிள்னு கொஞ்சம் கழிப்பாங்க. அதனால ஏர்லைன்ஸ் கிட்ட வரவேண்டியதை முதல்ல வாங்கி, எவ்வளவு பிடிச்சாங்கன்னு எழுத்துல வாங்கி வெச்சுக்கிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்லு எல்லாம் சேத்து அனுப்புங்க. என்னைக் கேட்டா 3,000 ரூபா உள்நாட்டு டிக்கெட்டுக்கு இன்சூரன்ஸ் வேஸ்ட், மஸ்கட், சிங்கப்பூர்னு போறப்ப கேன்சலுக்காக இல்ல, அங்க ஆஸ்பத்திரி செலவுக்காக எடுங்க.

தராம இழுத்தடிச்சா ஏர்லைன்ஸ் மேல அரசோட ஏர்சேவா போர்ட்டல்ல புகார் போடுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் போன் பண்ணலாம். இன்சூரன்ஸ்னா கம்பெனிக்கு எழுத்துல குடுத்துப் பாத்துட்டு, சரியான பதில் வரலைன்னா இன்சூரன்ஸ் புகாருக்கான பீமா பரோசா போர்ட்டல், அதுலயும் ஆகலைன்னா சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பு அதிகாரி), அதுக்கு ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம், கம்பெனி முடியாதுன்னு சொன்னதுல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். அதுவும் சரிவரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரைக்கும் அங்கயும் ஃபீஸ் இல்ல. டிக்கெட், கேன்சல் மெயில், கஸ்டமர் கேர்ல பேசின சாட் எல்லாத்துக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தா போதும்.