சம்பளச் சீட்டுப் பக்கம் கணக்குப் போடக்கூடாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டருக்குச் சம்பளக் கணக்கு பார்க்கும் வலைச் செயலி எழுதிக் கொடுத்தேன். ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம், உதிரிப் பழம் பொறுக்கும் அக்கா ஒருவர் ஆபீசுக்கு வந்தார். கையிலிருந்த சம்பளச் சீட்டில் 1,437.60 வெள்ளி. சுவரில் ஒட்டிய பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 1,437.65. “அஞ்சு காசுக்காக வரல தம்பி. எது சரின்னு மட்டும் சொல்லு” என்றார். என்னால் உடனே சொல்ல முடியவில்லை.

இரண்டு பக்கங்களும் ஒரே எடைக் கணக்கைத்தான் எடுத்தன. கூலி டன்னுக்கு இவ்வளவு என்று பேசியது. அதைக் கிலோவுக்குப் பெருக்கினால் சென்னுக்குக் கீழே பின்னம் வரும். சீட்டுப் பக்கம் ஒவ்வொரு நாளின் பின்னத்தையும் முழுச் சென்னாகச் சரிக்கட்டிவிட்டுக் கூட்டியது. பட்டியல் பக்கம் மாத எடையை மொத்தமாகப் பெருக்கி, கடைசியில் ஒரே தடவை சரிக்கட்டியது. ஒரே கணக்கை இரண்டு பக்கத்திலும் தனித்தனியாக எழுதியதுதான் முதல் தவறு.

தோட்டத்து ஆபீசில் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டை எழுதுபவர் கிராணியார் (எழுத்தர்) ஒருவர்தான். வெளியே பலகையில் ஒட்டுவது அதன் நகல். பலகை முன்னால் நின்று யாரும் கூட்டிக் கழிப்பதில்லை. வலைப் பக்கமும் அந்தப் பலகை மாதிரிதான் இருக்க வேண்டும்: கொடுத்த எண்ணைக் காட்டுவதோடு அதன் வேலை சரி.

ஈபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிப் பிடித்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளி பங்கு 11 விழுக்காடு என்று பக்கத்துக்குள்ளேயே எழுதி வைப்பவர்கள் நிறைய. 2020 ஏப்ரலில் அது 7 ஆனது. 2021இல் 9 ஆகி, 2022 ஜூலையில் மறுபடி 11க்கு வந்தது. நடுவில், குறைக்க வேண்டாம் என்று படிவம் கொடுத்து 11இலேயே நின்றவர்களும் உண்டு. ஆகவே விகிதம் என்பது ஆளுக்கும் மாதத்துக்கும் உரிய தகவல், அது தரவுத்தளத்தில் இருக்க வேண்டியது. பக்கத்தில் எழுதிவிட்டு இன்று மாற்றினால், 2020ஆம் ஆண்டுச் சீட்டைத் திறக்கும்போது பழைய பிடித்தமும் சேர்ந்து மாறிவிடும். இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, ஒருவருடைய ஓய்வுகாலப் பணத்தின் கணக்கு.

எதிர்ப்பக்கமும் தவறு நடக்கும். காட்டுவதற்கான அலங்காரத்தைத் தரவுத்தளத்துக்குள் திணிப்பது. “ரி.ம. 1,437.60” என்று காற்புள்ளியோடு எழுத்தாகச் சேமித்தால் பிறகு கூட்ட முடியாது. டி’குரூஸ் என்ற பெயரில் வரும் மேற்கோள் குறி, தரவுத்தளத்துக்குக் கொடுக்கும் கட்டளையான எஸ்க்யூஎல் வரியை உடைக்கிறதே என்று, அதை வலைப் பக்க மொழியான ஹெச்டிஎம்எல்லின் குறியீடாக மாற்றிச் சேமிப்பவர்களும் இருக்கிறார்கள். திரையில் சரியாகத் தெரியும். அப்புறம் எக்செல்லுக்கு அனுப்பும்போது பெயருக்கு நடுவே குறியீடும் எண்களும் நிற்கும். தரவுத்தளத்துக்குப் போகும் வழியில் பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் (கட்டளையையும் மதிப்பையும் தனித்தனியாகக் கொடுப்பது), திரைக்கு வரும் வழியில் ஹெச்டிஎம்எல் எஸ்கேப் (காட்டும்போது மட்டும் குறியீடாக மாற்றுவது). சேமிப்பது மட்டும் அவர் எழுதிக் கொடுத்த பெயராகவே இருக்கட்டும்.

தரவை எடுக்கும் ஃபங்ஷன் (நிரல் துண்டு) அட்டவணை வரிசையையே ஹெச்டிஎம்எல்லாகக் கட்டித் திருப்பி அனுப்புவதும் இதே வகை. நாளைக்குக் கைப்பேசிச் செயலி வேண்டும் என்று காண்ட்ராக்டர் கேட்டால் அந்த ஃபங்ஷன் எதற்கும் உதவாது.

லாராவெல் என்ற பிஹெச்பி நிரல் சட்டகத்தைப் போட்டுவிட்டால் எல்லாம் தானாகப் பிரிந்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. மாடல் (தரவு), வியூ (காட்சி), கன்ட்ரோலர் (இரண்டையும் இயக்குவது) என்ற பிரிவினை 1979இலேயே, வலை பிறக்கும் முன்பே, நார்வே கணினி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் கொடுத்தது. கோப்புறைகள் அந்தப் பெயரில் இருந்தால் மட்டும் போதாது. காட்சிக் கோப்பான டெம்ப்ளேட்டில், தரவு கேட்கும் செலக்ட் கட்டளை எங்கும் இருக்காது, ஆனால் தொழிலாளியின் வருகைப் பதிவைத் தொடும் ஒரு சொல், ஆளுக்கு ஒருமுறை ஓடும் லூப்புக்குள் இருக்கும். 60 பேர் என்றால் பட்டியலுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என 61 கேள்விகள் (குவெரி) தரவுத்தளத்துக்குப் போகும். வருகைப் பதிவையும் முதலிலேயே சேர்த்து எடுத்தால் இரண்டு போதும்.

மூன்று பக்கச் செயலிக்கு ஏழு அடுக்கு கட்டுவதும் வேண்டாம். கணக்குக்கு ஒன்று, காட்டுவதற்கு ஒன்று என இரண்டு போதும்.

பழைய பிஹெச்பி பக்கத்தைப் பிரிக்க நான் செய்வது இது. முதலில் அதே கோப்பில், எல்லாக் கேள்விகளையும் கணக்குகளையும் மேலே ஏற்றி, விடைகளை ஓர் அர்ரேயில் (மதிப்புகளின் தொகுப்பில்) போடுகிறேன். கீழே வெறும் ஹெச்டிஎம்எல், நடுநடுவே அர்ரேயின் மதிப்புகள். ஒரு பழைய மாதத்தைத் திறந்து, முன்பு அச்சடித்த சீட்டோடு சென் வரை ஒப்பிடுகிறேன். ஒத்துப்போன பிறகுதான் கோப்பை இரண்டாக வெட்டுகிறேன். கீழ்க்கோப்புக்குத் தரவுத்தள இணைப்பைக் கொடுப்பதே இல்லை. கொடுத்தால், அவசரத்தில் யாராவது அங்கே ஒரு கேள்வியை எழுதிவிடுவார்கள்.

பின்னத்தை எந்த இடத்தில் சரிக்கட்டுவது என்பது நிரல் எழுதுபவர் முடிவு செய்யக்கூடியது இல்லை. காண்ட்ராக்டரிடம் கேட்டேன். கூடுதலாக வருவதையே கொடுத்துவிடலாம் என்றார். மாத மொத்தம் கூடுமா, நாள் மொத்தம் கூடுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதனால் இரண்டையும் போட்டுப் பார்த்துப் பெரியதை எடுக்கும்படி ஒரே ஃபங்ஷனாக எழுதினேன். சீட்டும் பட்டியலும் இப்போது அதைத்தான் கூப்பிடுகின்றன. அக்காவுக்கு அந்த அஞ்சு காசு அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்ந்தது.